சாவி தட்டில், கார் சாலையில்

“ரெண்டு சாவியையும் தட்டுல வைங்க,” என்றார் குருக்கள்.

கோகிலன் சட்டைப் பையிலிருந்து ஒன்றையும் கால்சட்டைப் பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்து, வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் வைத்தான். காலையில் விற்பனை நிலையத்தில் கட்டிய சிவப்பு ரிப்பன் இரண்டிலும் இன்னும் இருந்தது.

தண்ணீர்மலைக் கோயில் அடிவாரம். மணி பதினொன்று. வெள்ளைக் கார். நான்கு டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். பானெட்டில் குங்குமம். உள்ளே ஏர்கோன் ஜில்லென்று இருக்கட்டும் என்று கோகிலன் என்ஜினை முடுக்கிவிட்டு இறங்கியிருந்தான். அது பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

ரமணி மூன்றடி தள்ளி நின்றாள். கார் அவள் பெயரில்தான் இருந்தது. கையெழுத்து எல்லாம் அவள் போட்டது. சாவி மட்டும் அவள் கைக்கு வரவேயில்லை. விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே சாவிகளை நீட்டியபோது அண்ணனின் கை முந்திக்கொண்டது. கையேட்டை மட்டும் அவள் மடியில் எறிந்தான்.

“புஸ்தகம் ஒனக்கு. சாவி எனக்கு. நீதான் படிச்சவளாச்சே.”

கோயில் வரும்வரை பின்சீட்டில் உட்கார்ந்து அவள் படித்தாள். வேறு என்ன செய்வது? பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். எந்த மெஷின் வந்தாலும் முதலில் அதன் புத்தகத்தைப் படித்துவிடுவது பழக்கம்.

இப்போது கோகிலன் தன் கூட்டாளி தயாளனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். குரலைத் தணிக்கக்கூட இல்லை.

“பூச முடிஞ்சதும் நேரா ஈப்போ. நீ மோட்டோவ வீட்டுல போட்டுட்டு வந்துரு. இனிமே நானும் காடியும் அங்கதான்.”

ஈப்போ இரண்டு மணி நேரத் தூரம். ரமணி ஓரடி முன்னால் வந்தாள்.

“ஈப்போவா? அண்ணே, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எனக்கு டூட்டி. புக்கிட் மெர்தாஜாம்ல.”

“பஸ்ல போ.”

“வீடு வீடாப் போயி ரத்தம் எடுக்கற வேல அண்ணே. சொந்தக் காடி இருந்தாத்தான் சேத்துப்போம்னு சொல்லிட்டாங்க. காடி இல்லாம போய் நின்னா லிஸ்ட்ல அடுத்த ஆள கூப்பிட்ருவாங்க. பழைய வேலைய வேற விட்டாச்சு.”

“ஐஸ் பெட்டியில வெச்சு பஸ்ல தூக்கிட்டுப் போ. மீன்காரி போகலையா?”

தயாளன் சிரித்தான். கோகிலனுக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை.

“பொம்பள வாங்கினாலும் ஆம்பள ஓட்டினாத்தான்லா காடிக்கு மரியாத. நான் குடும்பத்துல மூத்தவன். எனக்குக் காடி இல்லாம இவளுக்குக் காடியா? ஊரு சிரிக்கும்.”

“காடி என் பேர்ல இருக்கு.”

“பேர நீயே வெச்சுக்க. சாவி எங்க இருக்கு பாத்தியா?” தட்டைக் காட்டினான். “அது எவன் கைக்குப் போகுதோ அவன் காடி. போ, அந்தப் பக்கம் நில்லு. சூடம் காட்டறாங்க.”

குருக்கள் தட்டோடு காரைச் சுற்றி வந்து, ஆறேழு மீட்டர் தள்ளி இருந்த கல்லருகே நின்றார். “யாரு தேங்கா ஒடைக்கறது?”

“நான்தான்,” என்று கோகிலன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனான். போகும்போது ஓட்டுநர் கதவைத் திறந்தே விட்டுப் போனான். சாவி தட்டில் இருக்கிறது, கார் எங்கே போய்விடும்? அவன் வயசுக்கு அவன் ஓட்டிய கார் எல்லாம் சாவியைத் துவாரத்தில் திருகினால் ஓடும், உருவினால் நிற்கும். அந்த நினைப்பில், என்ஜின் ஓடிக்கொண்டிருப்பது அவனுக்கு உறைக்கவில்லை.

பீப். பீப். கார் கத்தியது.

“பாருங்கடா, மொதலாளியக் கூப்பிடுது!” என்றான் கோகிலன் தேங்காயை ஓங்கியபடி.

அது என்ன சொல்லிக் கத்துகிறது என்று அந்த இடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். கையேட்டில் பெட்டி கட்டிப் போட்டிருந்தது. சாவி வெளியே போனாலும் ஓடுகிற என்ஜின் நிற்காது. நிறுத்தினால் மட்டும் மறுபடி உயிர் வராது.

தேங்காய் உடைந்தது. அதே நொடியில் கார்க் கதவு அறைந்து சாத்திய சத்தமும் கேட்டது.

நான்கு எலுமிச்சம்பழமும் சப்பென்று நசுங்கின.

“ஏய்! ஏய்! ரமணி!”

கண்ணாடியில் அவள் பார்த்தது: அண்ணன் தட்டை நோக்கிப் பாய்கிறான், விபூதி பறக்கிறது, குருக்கள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்குகிறார். அவ்வளவுதான். வளைவு வந்துவிட்டது.

*

ஜாலான் உத்தாமாவின் பெரிய மரங்களுக்கு அடியில் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. டேஷ்போர்டில் சாவிப் படம் ஒன்று சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது. இல்லை, இல்லை, இல்லை என்று சொல்வது போல.

இப்போது என்ன? வீட்டுக்குப் போய் என்ஜினை அணைத்தால் அது வெறும் இரும்பு. அண்ணன் சாவகாசமாக வந்து, சாவியோடு ஏறி, ஈப்போவுக்கு ஓட்டிப் போவான். நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்கவும் முடியாது.

கைபேசியைத் தொடை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள். டத்தோ கிராமாட் சாலையில் கார்ச் சாவிக் கடை வைத்திருக்கும் ஹபீபா பீவி. ரமணியின் பழைய காருக்கு இரண்டு தடவை சாவி செய்து கொடுத்தவள். இரண்டு தடவையும் நன்றாகத் திட்டியவள்.

“என்னாடி, மறுபடியும் தொலைச்சிட்டியா?”

“அக்கா, புதுக் காடி. என் பேர்ல. அண்ணன் ரெண்டு சாவியையும் புடுங்கிக்கிட்டான். நான் சாவி இல்லாம ஓட்டிக்கிட்டு வர்றேன். நிறுத்தினா செத்துரும்.”

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கும் சத்தம். பிறகு ஹபீபாவின் குரலே மாறிவிட்டது.

“பட்டன் ஸ்டார்ட்டா? என்ன மாடல்?”

சொன்னாள்.

“போன மாசம்தான் வந்தது. சரி, கேளு. புதுச் சாவி ஒண்ணு பதிஞ்சு, அவன் சாவி ரெண்டையும் காடியோட ஞாபகத்துலேருந்து அழிச்சுடலாம். அப்புறம் அது ரெண்டும் வெறும் பிளாஸ்டிக். ஆனா ஒரு சுசா இருக்கு, பெரிய சிக்கல்.”

“என்னக்கா?”

“பழைய மாடல்னா சாவியே இல்லாம செஞ்சுருவேன். இதுக்கு என் மெஷின் அவ்ளோ தூரம் வரல. பதியற நேரத்துல அசல் சாவி ஒண்ணு காடிக்குள்ள இருக்கணும். நாலு நிமிசம். அதில்லாம ஒண்ணும் நடக்காது.”

சாவியிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது அந்தச் சாவியே வேண்டும்.

“முடியாதுக்கா. அது அவன் கையில—”

அப்போது என்ஜின் நின்றுவிட்டது.

சிவப்பு விளக்கு. அவள் ப்ரேக்கை மிதித்து நின்றிருந்தாள். உறுமல் அடங்கி, காருக்குள் பயங்கரமான அமைதி.

“அக்கா! நின்னுருச்சு! நான் ஒண்ணுமே அமுக்கல!”

“கத்தாத. லைட்ல நிக்கறியா? எண்ணெய் மிச்சம் பண்றதுக்கு அதுவே நிக்கும். காலை ப்ரேக்லேருந்து எடுத்தா அதுவே வரும். ஆனா பெல்ட்டக் கழட்டாத. ஒன் பக்கக் கதவத் திறக்காத. திறந்தே, அத்தோட செத்துச்சு. வெளங்குதா?”

“வெளங்குது.”

சொல்லி முடிக்கவில்லை. டேஷ்போர்டில் மின்னிக்கொண்டிருந்த சிவப்புப் படம் பட்டென்று அணைந்தது.

ஒரு விநாடி நிம்மதியாக இருந்தது. அடுத்த விநாடி புரிந்தது. படம் அணைந்தது என்றால் சாவி வந்துவிட்டது என்று அர்த்தம். சாவி பக்கத்தில் இருக்கிறது. மிகவும் பக்கத்தில்.

அவள் தலையைத் திருப்பினாள். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் அண்ணனின் முகம். தயாளனின் மோட்டார் சைக்கிளில் பின்சீட்டில் உட்கார்ந்து, நெற்றியெல்லாம் விபூதி கொட்டி.

“திற!” கண்ணாடியில் குத்தினான். “திறடி நாயே! கோயில்ல மானத்த வாங்கிட்டு ஓடறியா?”

சாவியின் பட்டனை அமுக்கினான். கதவு அசையவில்லை. மறுபடி அமுக்கினான். கார் விழித்திருக்கும்போது வெளியிலிருந்து வரும் உத்தரவை அது கேட்பதில்லை.

“அது வேலைக்காவாது மச்சான்,” தயாளன் கத்தினான். “சாவி பக்கத்துல சின்ன பட்டன் இருக்கும் பாரு. உள்ள இரும்புச் சாவி இருக்கு. அதப் புடுங்கு!”

கோகிலன் உருவினான். விரல் நீள இரும்பு. இறங்கி வந்து கைப்பிடியைத் தடவினான். துவாரம் தெரியவில்லை. கைப்பிடி ஓரத்தில் ஒரு மூடிக்குள் அது ஒளிந்திருக்கும் என்று கையேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்தவளுக்குத் தெரியும். கையேட்டை அவள் மடியில் எறிந்தவனுக்குத் தெரியாது. வெறியில் சுரண்டினான். புது வெள்ளைப் பெயிண்டில் கோடு கோடாக விழும் சத்தம் அவள் பல்லைக் கூசவைத்தது.

காலை ப்ரேக்கில் ஊன்றினாள். எடுத்தால் முன்னால் நிற்கும் லோரியில் போய் முட்டும்.

“ஒன்ன அந்த வேலைக்கு எவன் போகச் சொன்னான்? சம்பாதிக்கற திமிரு! காடியப் புடுங்கிட்டா அடங்கிருவ!”

மூடி தெறித்தது. துவாரம் தெரிந்தது. இரும்பு உள்ளே நுழைந்தது.

பச்சை.

லோரி நகர, அவள் காலை எடுத்தாள். என்ஜின் உதறிக்கொண்டு எழுந்தது. கார் பாய்ந்த வேகத்தில் இரும்புச் சாவியைக் காப்பாற்ற அவன் கையை உதறி இழுக்க வேண்டியதாயிற்று. பின்னால் நின்ற கார்கள் எல்லாம் அவன் மேல் ஹார்ன் அடித்தன.

“ரமணி! இருக்கியா?” தொடை மேல் கைபேசி கத்தியது.

“இருக்கேன்க்கா.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “சாவி உள்ள இருக்கணும்னு சொன்னீங்கள்ல. உள்ள எங்க இருந்தாலும் சரியா? ஒரு ஆளோட பையில இருந்தாலும்?”

ஹபீபா யோசித்தாள்.

“பையில இருந்தா என்ன, வயித்துக்குள்ள இருந்தா என்ன. காடிக்குள்ள இருக்கணும். அவ்ளோதான்.”

“அப்ப மெஷின ரெடி பண்ணுங்க. சாவி எம்பின்னாலேயே வருது.”

*

கடை வாசலில் ஹபீபா பீவி நின்றிருந்தாள். ஐம்பது வயது, தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி. முதல் வார்த்தையே, “ஐசி குடு. கிரான் நகல் குடு.”

“அக்கா, அவன் வந்துருவான்!”

“வரட்டும். பேர் பாக்காம நான் எந்தக் காடியையும் தொடமாட்டேன்.” அடையாள அட்டையையும் காரின் பதிவுத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். ரமணி, திருநாவுக்கரசுவின் மகள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எண். “சரி. காடி ஒன்னோடதுதான். பெல்ட்டக் கழட்டாம அப்படியே உக்காரு.”

பயணி பக்கக் கதவு வழியாக உடம்பை நீட்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகினாள். புதுச் சாவி ஒன்றை ரமணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

“மெஷின் கடைக்குள்ள இருக்கு, கம்பி கிடையாது. நான் சாவிய ஸ்டார்ட் பட்டன்ல ஒட்டி வைனு சொல்லமாட்டேன், பால் இல்லாத டீ வேணுமான்னு கேக்கற மாதிரி ‘தே ஓ போடவா’ன்னு கேப்பேன். அப்ப வை. முடிஞ்சதும் ‘தே ஓ ஆறுது’ம்பேன். எறங்கிடு. அதுக்கு முன்ன அவன் எறங்கினான்னா எல்லாம் போச்சு. நாலு நிமிசம் உக்கார வெப்பியா?”

“திட்டறதுக்கு ஆளு கெடச்சா எங்கண்ணன் நாலு மணி நேரம்கூட உக்காருவான்.”

மோட்டார் சைக்கிள் சத்தம். சிவப்புப் படம் அணைந்தது.

ரமணி தானே பயணி கதவைத் திறந்துவிட்டாள். கோகிலன் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் தயங்கினான். பிறகு ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தி, இரண்டு சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டான்.

“என்ஜின நிறுத்து.”

அவள் நிறுத்தினாள்.

“அப்படி வா வழிக்கு.”

“வேர்க்குதுண்ணே. ஏர்கோன் மட்டும் போடறேன்.” ப்ரேக்கைத் தொடாமல் பட்டனை அமுக்கினாள். டேஷ்போர்டு விழித்தது. அவன் பையில் சாவி இருந்ததால் விழித்தது.

கடைக்குள்ளிருந்து குரல் வந்தது. “ரமணி! தே ஓ போடவா?”

“போடுங்கக்கா!”

“தே ஓ ஒரு கேடா?” கோகிலன் அவள் பக்கம் திரும்பினான். “நான் சொல்றத மொதல்ல கேளு. நீ இப்ப கோயிலுக்கு வர்ற. குருக்கள் கால்ல விழற. அப்புறம்—”

“எதுக்கு விழணும்?” புதுச் சாவி அவள் விரல்களுக்குள் மறைந்து ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டியிருந்தது. பார்ப்பவனுக்கு, பட்டன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். “என் காடிய நான் ஓட்டினேன்.”

அது போதும். அவன் ஆரம்பித்தான். அவள் படித்தது, வேலைக்குப் போனது, இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது, வாய் நீண்டது, கழுத்து நிமிர்ந்தது. அவன் எந்த வருடத்திலிருந்து ஆரம்பித்தாலும் அவளிடம் அந்த வருடத்துக்கு ஒரு பதில் இருந்தது. மூச்சு வாங்க அவன் நிறுத்தும்போதெல்லாம் அவள் ஒரு வார்த்தை போட்டாள்.

“ஈப்போ கடையில மொதலாளி ஒன்ன நிறுத்திட்டாருன்னு சொன்னாங்களே, நெசமா?”

“யார் சொன்னது? எவன் சொன்னான்? எவனும் என்னை நிறுத்தல! நான் விட்டேன்! அந்த ஆளுக்கு—”

கடிகாரத்தில் இரண்டு நிமிடம்.

வெளியே தயாளன் கண்ணாடியைத் தட்டினான். “மச்சான், எறங்கி அந்தப் பக்கம் ஏறுடா. என்னா பேச்சு? சாவி ஒங்கிட்டதானே?”

கோகிலனின் கை கதவுப் பிடிக்குப் போனது.

இன்னும் இரண்டு நிமிடம். அவள் சொன்னாள், மெதுவாக, அவன் முகத்தைப் பார்த்து:

“போண்ணே. எறங்கிப் போ. அவன் சொன்னாத்தானே நீ எதையும் செய்வ. கடையில கையெழுத்து மாத்திப் போட்டதும் அவன் சொல்லித்தானே?”

கை கதவுப் பிடியிலிருந்து திரும்பி வந்தது. விரல் அவள் மூக்குக்கு முன்னால் நின்று ஆடியது.

“இன்னொரு வார்த்த பேசின… அந்த வேலைக்கு நீ எப்படிப் போறேன்னு பாத்துடறேன். காடியும் கெடையாது, வீடும் கெடையாது. இன்னிக்கு ராத்திரியே ஒன் துணியெல்லாம் ரோட்டுல கெடக்கும். நான் இருக்கற வரைக்கும் அந்த வீட்டுப் படிய நீ மிதிக்கமாட்ட. கேட்டுச்சா?”

கேட்டது. அவள் கண் கலங்கியது நடிப்பில்லை. சொன்னால் செய்கிறவன்.

“கேட்டுச்சுண்ணே. இன்னும் ஏதாச்சும் இருக்கா?”

இருந்தது. நிறைய இருந்தது. கடிகாரத்தில் நிமிடம் மாறியது. மறுபடி மாறியது. அவள் விரல்கள் பட்டன் மேல் மரத்துப்போயின. டேஷ்போர்டில் சாவிப் படம் ஒருமுறை தோன்றி மறைந்தது. அவன் அதைப் பார்க்கவேயில்லை.

“ரமணி!” கடைக்குள்ளிருந்து குரல். “தே ஓ ஆறுது!”

அவள் பட்டனை அமுக்கினாள். டேஷ்போர்டு இருண்டது. கையை மூடிக்கொண்டு, பெல்ட்டைக் கழட்டி, இறங்கினாள்.

“ஓட்டிக்கண்ணே.”

கோகிலன் தயாளனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். உள்ளுக்குள்ளேயே நகர்ந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான், கதவைச் சாத்தினான், கண்ணாடியைத் தனக்கு ஏற்றபடி திருப்பினான், ப்ரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி. சாவி ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பட்டனுக்குப் பக்கத்தில் காட்டி அமுக்கினான். இன்னொன்றைக் காட்டி அமுக்கினான். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, உதறி, ஊதி அமுக்கினான். சாவிப் படம் சிவப்பாக மின்னிற்று. இல்லை, இல்லை, இல்லை.

கதவைத் திறந்து கத்தினான். “என்னடி பண்ணின?”

“ஒஞ்சாவிய காடிக்கு மறந்துபோச்சு.” ரமணி உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். “இது ஒண்ணுதான் ஞாபகம் இருக்காம்.”

“போலிஸக் கூப்பிடுவேன்! கள்ளச் சாவி போடற கட! ரெண்டு பேரையும் உள்ள தள்ளுவேன்!”

ஹபீபா வாசலுக்கு வந்தாள். கையில் அடையாள அட்டை நகலும் பதிவுத்தாள் நகலும். “கூப்பிடு தம்பி. ஸ்டேஷன் கிட்டத்தான். வந்தா மொத கேள்வி, காடி யார் பேர்லன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?”

கோகிலன் தயாளனைப் பார்த்தான். தயாளன் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“டேய், எங்கடா போற?”

“எனக்கு வேல கெடக்குதுலா. குடும்பச் சண்ட, நீங்களே பேசித் தீத்துக்குங்க.” போயே போய்விட்டான்.

தெருவில் ஆள் சேர ஆரம்பித்தது. எதிர்க்கடை சீனப் பெரியவர் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார். இறங்கி நடந்தால் இத்தனை பேர் பார்க்க நடக்க வேண்டும். கோகிலன் கதவை இழுத்துச் சாத்தினான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“நான் எறங்கமாட்டேன்! நான் உக்காந்திருக்கற வரைக்கும் நீ எப்படி ஓட்டிடுவேன்னு பாக்கறேன்!” மூடிய கண்ணாடிக்குப் பின்னால் அவன் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

மணி பன்னிரண்டு. வெயில் நேராக வெள்ளைக் கூரையில் இறங்கியது. உள்ளே ஏர்கோன் இல்லை. கண்ணாடி இறக்கும் விசையை அவன் அமுக்குவது தெரிந்தது; கண்ணாடி இறங்கவில்லை. கதவை உள்ளிருந்து எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். அவன் திறக்கவில்லை.

ரமணி கடைக்குள் போய், விசிறிக்கு அடியில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹபீபா போட்டு வைத்திருந்த டம்ளரை எடுத்தாள். தே ஓ உண்மையிலேயே ஆறிப் போயிருந்தது.

“ராத்திரிக்கு எங்க போவ?” ஹபீபா கேட்டாள்.

“புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு ரூமு பாக்கணும்க்கா. எப்படியும் அங்கதானே வேல.”

“அவன் எறங்கலேன்னா?”

ரமணி காரைப் பார்த்தாள். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்க, அதைத் துடைக்காமல் முறைத்துக்கொண்டிருந்தான்.

அவள் வாசல்வரை போய், அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

“அவசரமில்லண்ணே. நீ உக்காரு. எனக்கு நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் டூட்டி.”

பிறகு உள்ளே திரும்பி, இன்னொரு தே ஓ கேட்டாள். சூடாக.